மெஸ்ஸில் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

முதுகலை படிக்கிறேன். மாணவர் பேரவைத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஃப்ளெக்ஸ், கார் ஊர்வலம், விருந்து என்று பணம் இறைக்காமல் ஜெயிக்க முடியாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். படிப்பு கெடும் என்று அம்மா பயப்படுகிறார். நிற்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அம்மாவிடம் சொல்லுங்கள், வேட்புமனு முதல் முடிவு வரை மொத்தமே பத்து நாளைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. பத்து நாளில் எந்தப் படிப்பும் கெடாது.

கார் ஊர்வலம் என்று கூசாமல் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் வலித்தது. மாணவர் தேர்தல்களுக்காக லிங்டோ குழு வகுத்து, 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிகளை உங்கள் நண்பர்களில் ஒருவராவது படித்தாரா? ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். ஒலிபெருக்கிக்கும் வண்டிக்கும் தடை. டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் தேர்தலில் 2024-இல் போஸ்டர் ஒட்டிச் சுவரையெல்லாம் நாசம் செய்ததால் உயர் நீதிமன்றம் ஓட்டு எண்ணிக்கையையே நிறுத்திவைத்தது. செப்டம்பரில் போட்ட ஓட்டை நவம்பரில்தான் எண்ணினார்கள். பணம் இறைத்ததற்குக் கிடைத்த மரியாதை அது!

அதே டெல்லியில், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜே.என்.யூ.வில் மாணவர் தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் எல்லோரும் ஓட்டுப்பதிவுக்கு முன்பு ஒரே மேடையில் ஏறி, எதிராளி கேட்பதற்கும் கூட்டத்தில் இருப்பவர் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். நள்ளிரவு தாண்டியும் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பார்கள். கேள்விக்கு முன்னால் வந்து நிற்பதுதான் பிரச்சாரம். மற்றதெல்லாம் அலங்காரம்.

நானும் ஒருமுறை நின்றேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டினோம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் மேஜை மேஜையாகப் போய்ப் பேசுவேன். கடைசி மேஜையில் ஒரு முதலாமாண்டுப் பையன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன வருஷப் பேரவை நிதி என்ன ஆச்சுண்ணே?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டு வந்தேன், தூக்கம் வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டால் கணக்கு கொடுக்க மாட்டோம் என்றார்கள். மூன்று நாள் நடந்து வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு அதே மேஜைக்குப் போனபோது, அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தான். அந்தத் தேர்தலில் தோற்றேன். அந்தப் பையனின் முகம் மட்டும் இன்னும் மறக்கவில்லை, ஆர்.

சரி, இன்று இரவு உங்கள் மெஸ்ஸுக்குப் போய்க் கடைசி மேஜையில் உட்காருங்கள். போஸ்டர் அப்புறம் எழுதலாம்.