"பாசிட்டிவ்" என்ற சொல்லை மட்டும் விலைக்கு வாங்காதீர்கள்

உண்ணிக் கடியால் பரவும் பபீசியோசிஸ் என்ற நோய்க்கான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனை பற்றிய கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். இந்நோயை உண்டாக்கும் பபீசியா என்ற ஒட்டுண்ணி, மலேரியாக் கிருமியைப் போலவே சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றைச் சிதைக்கிறது. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நேற்று மாலை காலில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கினேன். காய்ச்சல் இல்லை. ஆன்டிபாடி பரிசோதனைக்கு இணையத்தில் பணம் கட்டிவிட்டேன். நாளையே ரத்தம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பதிவை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேளுங்கள். தொற்று ஏற்பட்டிருந்தாலும் ஆன்டிபாடி இரண்டு நாளில் உருவாகிவிடாது. அறிகுறிகள் பெரும்பாலும் கடித்த 1 முதல் 4 வாரங்களுக்குள் தெரியும். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், உண்ணி கடித்த தேதியோடு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பிடுங்கிய உண்ணியைத் தபாலில் அனுப்பினால் சோதித்துத் தருகிறார்களாம். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உண்ணியிடம் கிருமி இருந்தால் அது உங்கள் ரத்தத்திலும் இருக்கிறது என்று பொருளாகாது.

கேள்வி: என் அறிக்கையில் "பபீசியா ஆன்டிபாடி: பாசிட்டிவ்" என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

பதில்: எந்த முடிவுக்கும் வர முடியாது. இத்தகைய ஒற்றை வரி அறிக்கைகள் மீது எனக்குப் பல ஆண்டுகளாகவே கோபம் உண்டு. ஓர் அளவீட்டுக்காகப் பணம் வாங்கிய பரிசோதனைக் கூடம், அளவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு முடிவை மட்டும் எழுதித் தருவது, எடை போடாமல் பொட்டலம் கட்டித் தருவதற்குச் சமம்.

இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஐ.எஃப்.ஏ. என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் பதிக்கப்பட்ட கண்ணாடித் தகட்டின் மீது, உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் படிப்படியாக நீர்க்கச் செய்து இடுகிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் அது ஒட்டுண்ணியைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு சேர்க்கப்படும் ஒளிரும் சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும். எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் அந்த ஒளிர்வு தென்படுகிறதோ, அதுவே டைட்டர். பல கூடங்கள் 1:64, அதாவது 64 மடங்கு நீர்த்த நிலை, என்பதைப் பாசிட்டிவுக்கான எல்லையாக வைத்திருக்கின்றன. 1:1024 அல்லது அதற்கு மேல் என்றால் தொற்று அண்மையில் ஏற்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு. இவ்வளவு தொலைவில் உள்ள இரண்டு அளவுகளையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துக் கொடுத்தால் மருத்துவர் எதை வைத்து யோசிப்பார்?

ஆகவே கூடத்திடம் பரிசோதனை முறை, டைட்டர், அவர்கள் வைத்திருக்கும் எல்லை, எந்த பபீசியா இனத்துக்கான சோதனை என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். ஆகிய இரண்டு வகை ஆன்டிபாடிகளின் முடிவுகளும் தனித்தனியாக வேண்டும், ஏனெனில் ஐ.ஜி.எம். மட்டும் பாசிட்டிவாக வருவது தவறான முடிவாகவும் இருக்கக்கூடும். சில வாரங்கள் கழித்து இரண்டாவது மாதிரி கொடுத்து, டைட்டர் நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு மாதிரிகளும் ஒரே கூடத்தில், ஒரே முறையில் சோதிக்கப்பட வேண்டும். நானும் ஒருமுறை ஒரு காய்ச்சலுக்குப் பின் இப்படி இரட்டை மாதிரிக்குப் பணம் கட்டினேன். அந்தக் கூடம் எனக்குச் சொல்லாமலேயே இரண்டாவது மாதிரியை வேறு முறையைப் பின்பற்றும் கிளைக்கு அனுப்பி, ஒப்பிடவே முடியாத இரண்டு தாள்களைக் கையில் கொடுத்தது. பணமும் திரும்பி வரவில்லை.

கேள்வி: சோர்வுக்காக ஒரு "முழுத் தொகுப்பு" பரிசோதனை வாங்கினேன். பபீசியா ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றார்கள். அதே நிறுவனம் ஒட்டுண்ணியை வெளியேற்றும் மருந்து என்று ஆறு மாதத்துக்கு விற்றது. மறுபரிசோதனையும் பாசிட்டிவ், இன்னும் ஆறு மாதம் வாங்கச் சொல்கிறார்கள். சேமிப்பு கரைந்துவிட்டது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள் மீது பிழையில்லை. நோயைக் கண்டுபிடித்துச் சொல்பவரே அதற்கு மருந்தும் விற்கும்போது, சோர்ந்து போயிருக்கும் ஒருவர் நம்பத்தான் செய்வார். ஆன்டிபாடி என்பது உடல் எப்போதோ அந்தக் கிருமியை எதிர்கொண்டதன் அடையாளம். கிருமி முற்றிலும் நீங்கிய பிறகும் அது ஓராண்டோ அதற்கு மேலோ ரத்தத்தில் நீடிக்கலாம். எனவே மறுபரிசோதனை பாசிட்டிவாக வந்தது, நோய் இருப்பதையும் காட்டவில்லை, மருந்து போதவில்லை என்பதையும் காட்டவில்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆன்டிபாடி பாசிட்டிவாக வந்தவர்களுக்குச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் முன், ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தோ, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தோ உறுதிப்படுத்த வேண்டும். நோய் உறுதியானால் முதலில் தரப்படுவது அட்டோவக்குவோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகளும் சேர்ந்த சிகிச்சை. மற்றபடி ஆரோக்கியமானவர்களுக்கு அது பொதுவாக 7 முதல் 10 நாள்களில் முடிந்துவிடும்.

இனி அவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். ரசீதுகள், இரண்டு அறிக்கைகள், விளம்பரம், "இன்னும் வாங்குங்கள்" என்ற செய்தி ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்தி, நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும், கூடத்துக்கு உரிமம் வழங்கிய அமைப்பிடமும் புகார் கொடுங்கள். சோர்வுக்கான உண்மையான காரணத்தை, எதையும் விற்காத ஒரு மருத்துவரிடம் தேடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் உண்ணி கடித்தது. காய்ச்சல் வந்தது, ஆன்டிபாடி நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: எந்த இனத்துக்காகச் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள். அந்நாட்டின் வடகிழக்கிலும் நடுமேற்குப் பகுதியின் வடபுறத்திலும் பரவுவது பபீசியா மைக்ரோடை. பெரும்பாலான சோதனைகள் அதற்காகவே அமைக்கப்பட்டவை. மேற்குக் கடற்கரையில் காணப்படும் பபீசியா டங்கனிக்கான ஆன்டிபாடியை அந்தச் சோதனை தவறவிடக்கூடும்.

கேள்வி: ரத்த தானம் செய்தால் இலவசமாகச் சோதித்துவிடுவார்களாமே? எனக்குச் சந்தேகம் இருப்பதால் அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்த ஒட்டுண்ணி ரத்தம் ஏற்றுவதாலும் பரவும். பெறுபவர் ஏற்கெனவே நோயுற்றவராகத்தான் இருப்பார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் 14 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் தான ரத்தத்தைச் சோதிக்கப் பரிந்துரைத்தது பிறரைக் காப்பதற்காகவே; உங்கள் செலவை மிச்சப்படுத்துவதற்காக அல்ல. சந்தேகம் இருக்கும்வரை தானம் செய்யாதீர்கள்.

கேள்வி: மண்ணீரல் அகற்றப்பட்டவன் நான். நான்கு நாள்களாகக் கடும் காய்ச்சல், சிறுநீர் கருத்துப் போகிறது. சென்ற மாதம் உண்ணி கடித்தது. எந்தக் கூடத்தில் ஆன்டிபாடி பரிசோதனை மலிவு?

பதில்: விலை விசாரிக்கும் நேரம் இதுவல்ல, நான்கு நாள் காத்திருந்ததே அதிகம். உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இந்நோய் உயிருக்கே ஆபத்தாகலாம். இப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, மண்ணீரல் இல்லை, உண்ணி கடித்தது என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ரத்தத்தைத் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.