சீன எழுத்துக்குத் தனி விசைப்பலகை வேண்டுமா?

கேள்வி: மொரிசியசின் தலைநகர் போர்ட் லூயியில், சீனர் பகுதியான சைனாடவுன் பக்கம் சிறிய அச்சுக்கடை வைத்திருக்கிறேன். வசந்த விழா (சீனப் புத்தாண்டு) வாழ்த்து அட்டையில் பெயரைச் சீன எழுத்தில் போடச் சொல்கிறார்கள். என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. சீன விசைப்பலகை, மென்பொருள் இரண்டுக்கும் 4,000 ரூபாய் கேட்கிறார் கணினிக் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் உங்கள் கடைக்கு மையும் தாளும் வாங்க உதவட்டும். சீனாவிலேயே பெரும்பாலோர் சாதாரண ஆங்கில விசைப்பலகையில்தான் தட்டுகிறார்கள். ஒலியை ரோமன் எழுத்தில் அடித்தால் அதற்குரிய சீன எழுத்துகள் வரிசையாகத் தோன்றும்; வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். இதற்குப் பின்யின் முறை என்று பெயர். லினக்ஸில் இதற்கான மென்பொருள் இலவசம். பொருத்திக் கொடுப்பதற்குக் கூலி கேட்டால் நியாயம். மென்பொருளுக்கு விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்களே செய்துவிடலாம். இணைய இணைப்போடு, மொழி அமைப்பில் சீனத்தைச் சேர்த்து நிறுவுங்கள். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். பிறகு செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய், இன்புட் சோர்சஸில் 'இன்டெலிஜென்ட் பின்யின்' என்பதைச் சேருங்கள். விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். உங்களுடையது பிரெஞ்சு விசைப்பலகையாக இருந்து, 'ஏ' அழுத்தும்போது 'க்யூ' விழுந்தால் பயப்பட வேண்டாம்; ஆங்கில விசை வரிசைப்படி அடியுங்கள்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது பெயர்களைத்தான். மொரிசியசின் சீனர்களில் பலர் ஹக்கா என்ற சீனக் கிளைமொழி பேசியவர்களின் வழி வந்தவர்கள். பின்யினோ சீனாவின் பொதுமொழியான மாண்டரின் ஒலிக்கு உரியது. 'லிம்' என்று ஒருவர் சொன்னதை அப்படியே அடித்தால் அவர் எழுத்து வராது. 'லின்' என்று அடித்துப் பாருங்கள்: மரத்தைக் குறிக்கும் எழுத்து இரண்டு முறை ஒட்டி நிற்பதுபோல ஒன்று வரும், அதுதான். பெரியவர்கள் பலருக்குப் பழைய முழு வடிவ எழுத்தே பழக்கம். மாண்டரினில் 'சென்' எனப்படும் குடும்பப் பெயருக்குப் பழைய வடிவமும் இன்றைய சுருக்கிய வடிவமும் வேறு வேறு. பின்யின் அமைப்பிலேயே வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பெயரை வாடிக்கையாளர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் வந்ததை அதோடு கோடு கோடாக ஒப்பிட்டு, அவரிடமும் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.