தொட்டிச் செடியில் அடியிலைகள் மஞ்சளாகின்றன, தண்ணீர் ஊற்றினால் மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றன. இலையில் வேப்பெண்ணெய் தெளித்தும் போகவில்லை. என்ன செய்வது?

இலையில் தெளித்தால் போகாது. இவை பூஞ்சை ஈக்கள்; இவற்றின் குடித்தனம் மண்ணுக்குள். பறக்கும் ஈ செடியைக் கடிப்பதே இல்லை, பத்து நாளுக்குள் தானாகச் செத்துவிடும். ஆனால் அதற்குள் ஈர மண்ணில் நூறு முட்டைக்கு மேல் இட்டுவிடும். புழுக்கள் மேல்மண்ணில் பூஞ்சையையும் மக்கும் பொருளையும் தின்னும். பெருகிவிட்டால் வேர்த்தூவிகளையும் கடிக்கும். நாற்றுகளுக்குத்தான் உண்மையான ஆபத்து.

வளர்ந்த செடியில் இலை மஞ்சளாவதற்கு ஈயை விட அதிகத் தண்ணீரே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிப் பல நாளாகியும் கனமாக இருந்தால் செடியை மண்ணோடு உருவிவிடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் பழுப்புத் தோல் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றாதீர்கள். உறிஞ்ச வேர் இல்லாமல்தான் வாடுகிறது.

புழு இருக்கிறதா என்று பார்க்க, 1 செ.மீ. கனத்தில் ஓர் உருளைக்கிழங்குத் துண்டை மண்ணில் லேசாக அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் புரட்டிப் பார்த்தால் கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை இப்படிப் பார்த்தால் குறைகிறதா என்பதும் தெரியும்.

அடுத்த முறை ஊற்றுவதற்கு முன், செடி தாங்குமானால், மேல் 3–5 செ.மீ. காயட்டும். மஞ்சள் ஒட்டும் அட்டையை மண்ணை ஒட்டி வையுங்கள். அது ஈயைத்தான் பிடிக்கும், புழுவைத் தொடாது. புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றுங்கள். பெயரின் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: குர்ஸ்டாகி என்றிருந்தால் அது கம்பளிப்புழு வகைகளுக்கானது, இங்கே உதவாது. முட்டையையும் கூட்டுப்புழுவையும் இந்த மருந்து கொல்லாது. அதனால் வாரம் ஒருமுறையாக நான்கு வாரமாவது விடாமல் ஊற்ற வேண்டும். பெரும்பாலோர் ஈ குறைந்ததும் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள், மிச்சமிருக்கும் முட்டைகளிலிருந்து எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது.

மேலே மணல் பரப்பச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அடித்துளை வழியாகவும் ஈ வந்துபோகும்.

இனி வராமலிருக்க, தேங்காய் நார்த்தூள் மட்டும் நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (நீர் வடிய உதவும் இலேசான வெள்ளைக் கல்மணிகள்) சேருங்கள். நார்த்தூள் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் பிடித்திருக்கும், ஆகவே விரல் விட்டுப் பார்த்தே ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். அரைகுறையாக மக்கிய உரத்தை மேலே தூவ வேண்டாம். புதிதாக வாங்கிய செடியை மூன்று நான்கு வாரம் ஒட்டும் அட்டையோடு தனியே வையுங்கள். பிரித்த மண் கலவைப் பையையும் இறுக்கிக் கட்டுங்கள், பல நேரம் ஈ அதிலிருந்தே வருகிறது.