உங்க அம்மா பேர்ல இல்லம், அந்தப் பிள்ளைகளோட அம்மாவுக்கு மாசம் ஒருநாளா?

கேள்வி: மும்பைல இருந்து ஊரோட வந்துட்டேன். வள்ளியூர் பக்கம் பூர்வீக வீடு சும்மா கிடக்கு, எங்க அம்மா பேர்ல குழந்தைகள் இல்லம் தொடங்குதேன். டிரஸ்ட் பதிவு ஆயிருச்சு. பாதுகாப்புக் கொள்கை, சேர்க்கை விதி, பார்வையாளர் விதின்னு நிறைய எழுதணுமாம், தெரிஞ்ச இல்லத்து ஃபைலை வாங்கிப் பேர் மட்டும் மாத்திருக்கேன், போதுமா? இப்போதைக்கு நாலு பிள்ளைக இருக்காவ. அதுல கூடப்பிறந்த ரெண்டு பேருக்கு அம்மா உண்டு, முக்கூடல்ல பீடி சுத்துறாங்க, மாசம் ஒருநாள் வந்து பாக்கலாம்னு விதில போட்டுருக்கேன்.

பதில்: தம்பி, ஃபைலைப் பத்தி அப்புறம் பேசுவோம். போறபோக்குல "இப்போதைக்கு நாலு பிள்ளைக"ன்னு ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் நான் நின்னுட்டேன். டிரஸ்ட் பதிவு வேற, இல்லத்துக்குப் பதிவு இன்னும் ஆகல, பிள்ளைக உள்ள இருக்காவ, அப்போ நீங்க இல்லம் தொடங்கப்போகல, நடத்திட்டுதான் இருக்கீங்க. 2015 இளைஞர் நீதிச் சட்டம் 41-வது பிரிவுல பதிவு கட்டாயம், 42-ல பதிவில்லாம நடத்துனா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல குறைஞ்சது 1 லட்சம் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரும். பிள்ளை எங்க இருக்கணும்னு முடிவு பண்ணுற மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவோட உத்தரவு இல்லாம ஒரு பிள்ளையக்கூட நீங்களா வச்சுக்க முடியாது. நல்ல மனசுன்னு சொல்லுவீங்க, இருக்கட்டும், ராத்திரி ஒரு பிள்ளைக்கு ஜன்னி வந்தா எந்த அதிகாரத்துல ஆஸ்பத்திரில கையெழுத்துப் போடுவீங்க?

அடுத்தது அந்த அம்மா. உங்க அம்மா பேர வாசல்ல எழுதப்போறீங்க, இன்னொரு பிள்ளையோட அம்மாவ மாசத்துல 29 நாள் அதே வாசலுக்கு வெளிய நிறுத்துறீங்க. எப்படி மனசு வந்துச்சு? தாய் உயிரோட இருக்கும்போது பிள்ளைய இல்லத்துல வைக்கது கடைசி வழின்னு அந்தச் சட்டம் 3-வது பிரிவுலயே சொல்லுது, சட்டம் சொல்லாட்டியும் நான் அதைத்தான் சொல்லுவேன். அந்தத் தாய் பிள்ளைகள வேண்டாம்னு விடல, கஞ்சிக்கு வழியில்லாம விட்டுருக்கா. மிஷன் வாத்சல்யான்னு மத்திய அரசுத் திட்டத்துல ஆதரவுத் தொகைன்னு மாசம் 4,000 ரூபா உண்டு, புருஷன் இல்லாத, கைவிடப்பட்ட தாய்மாருக்கு, பிள்ளை வீட்டுல இருந்தே படிக்க. அதைக் கேட்டுப் பாத்தீங்களா?

இப்போ ஃபைல். அடுத்தவன் ஃபைல்ல உங்க வீட்டுக் கிணறு இருக்காது, மச்சுப்படி இருக்காது, ராத்திரி எந்தப் பொம்பள காவலுக்குப் படுப்பான்னு இருக்காது. நான் முன்னாடி ஒரு இல்லத்துக்குப் போயிருந்தேன், புகார் பெட்டி பளபளன்னு ஆபீஸ் கதவுப் பக்கத்துலயே மாட்டிருந்துச்சு, சாவி வார்டனம்மா இடுப்புக் கொத்துல, அவங்க நடக்க நடக்க கிலுகிலுன்னு சத்தம். அடிக்கிறதே அந்த அம்மான்னா எந்தப் பிள்ளை சீட்டு எழுதிப் போடும்? ஆபீஸை விட்டுத் தள்ளி, பிள்ளைக படுக்கிற இடத்துக்குப் பக்கத்துல பெட்டி இருக்கணும்னு விதியே இருக்கு, ஆனா அவங்க கொள்கைத்தாளும் உங்களுது மாதிரி எங்கேயோ வாங்குனதுதான். ஒவ்வொரு வரியும் யார், எப்ப, யார்கிட்ட சொல்லணும்னு நீங்களே உக்காந்து எழுதுங்க, 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பரைப் பிள்ளைக கண்ணுக்கு எட்டுற உயரத்துல ஒட்டுங்க, வேலைக்கு வாரவங்க எல்லாத்துக்கும் போலீஸ் சரிபார்ப்பு வாங்குங்க, சமையக்காரர் சொந்தக்காரர்னாலும் விடாதீங்க. படுக்கை அறைல ஒரு பிள்ளைக்கு 40 சதுரஅடி, 7 பிள்ளைக்கு ஒரு கக்கூஸ், டேப்பு வச்சு அளந்து பாத்துட்டு எத்தனை பேருன்னு எழுதுங்க. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத்துறை சான்று, தாசில்தார் குடுக்கிற கட்டட உரிமம், இதெல்லாம் அலைஞ்சா கிடைச்சுரும். படிவம் 27-ல விண்ணப்பம், பதிவு கிடைச்சா 5 வருஷம்.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, இந்த வாரமே நாலு பிள்ளைகளையும் குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்துங்க, மறைக்காம சொல்லுங்க, திட்டுவாங்க, வாங்கிக்கோங்க. குழுவ எங்க பாக்கணும்னு தெரியலைன்னா, திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கன்னு கேட்டா சொல்லுவாங்க. முக்கூடல்ல இருந்து அந்தத் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க, அன்னைக்கு அவளுக்குப் பீடிக்கூலி போயிரும், அதை நீங்க குடுத்துருங்க.