கேமரா கைக்கு வந்தாச்சு, அசல்தானா? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைனில் கேனன் 1500டி வாங்கினேன். கடை விலையைவிட நல்ல குறைவு. வந்த கேமராவின் முகப்பில் 'ரெபெல் டி7' என்று இருக்கிறது. டூப்ளிகேட்டா? – சூரமங்கலம் வாசகர்

டூப்ளிகேட் இல்லை. இங்கே 1500டி என்று விற்கும் அதே கேமராவுக்கு அமெரிக்காவில் ரெபெல் டி7, ஐரோப்பாவில் 2000டி, ஜப்பானில் கிஸ் எக்ஸ்90 என்று பெயர். உங்களுக்கு வந்திருப்பது வெளிநாட்டுச் சந்தைக்கான சரக்கு. கிரே மார்க்கெட் என்பார்கள். படம் நன்றாகவே வரும். ஆனால் இந்திய வாரண்டியை நம்ப முடியாது, ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடும் திரை) போனால் செலவு உங்கள் தலையில். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம், புகார் எண் கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011 இதைக் கட்டாயமாக்குகிறது. ஸ்டிக்கர் இல்லையென்றால் அதைப் படம் எடுத்து, கேட்ட மாடல் வரவில்லை என்று எழுதி, இன்றே ரிட்டர்ன் போடுங்கள்.

கேமராவுக்குப் பில் வேண்டாம் என்றால் ரூ.2,000 குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? – ஐந்து ரோடு வாசகர்

வாங்காதீர்கள்.

மகளின் பிறந்தநாளுக்கு '48 மெகாபிக்சல், 4கே, 16எக்ஸ் ஜூம்' கேமரா ரூ.3,800க்கு வாங்கினோம். என் போனே இதைவிடத் தெளிவாக எடுக்கிறது. – ஆத்தூர் வாசகி

இந்த விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இவற்றில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கித் தரும் பெற்றோர்தான்.

உள்ளே இருப்பது வெப்கேமில் போடுகிற மாதிரி ஒரு குட்டி சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. அது பிடிப்பதே சில மெகாபிக்சல்தான். மீதியை மென்பொருள் நிரப்புகிறது: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கணக்குப் போட்டு, நடுவில் புதுப் புள்ளிகளைச் செருகி, 48 என்று காட்டுகிறது. ஃபைல் பெரிதாகும், விவரம் கூடாது.

நீங்களே சோதிக்கலாம். வெயில் வெளிச்சத்தில் சுவரில் ஒரு தினத்தாளை ஒட்டி, பத்தடி தள்ளி மேசைமேல் கேமராவை அசையாமல் வையுங்கள். மெனுவில் 48-ல் ஒரு படம், 12-ல் ஒரு படம். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 12-ல் படிக்க முடியாத எழுத்து 48-லும் படிக்க முடியாவிட்டால், அந்த எண் பொய். அடுத்து ஜூம். பட்டனை அழுத்தும்போது லென்ஸ் குழல் அசையாமல் திரையில் படம் மட்டும் பெரிதானால் அது டிஜிட்டல் ஜூம். படத்தை வெட்டிப் பெரிதாக்குவதற்கு மேல் ஒன்றும் இல்லை. நல்ல லென்ஸின் வளையத்தில் 18–55 மி.மீ., 1:3.5–5.6 என்பது போல எண்கள் இருக்கும். உங்களுடையதில் 'எச்டி லென்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

ரிட்டர்ன் காரணத்தில் 'பிடிக்கவில்லை' என்று தட்டாதீர்கள். 'விளம்பரத்தில் சொன்னபடி இல்லை' என்று போட்டு அந்த இரண்டு படங்களையும் இணையுங்கள். அப்படிப்பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன.

புதிது என்று நிக்கான் டி5600 வந்தது. யாரோ பயன்படுத்தியது போலத் தோன்றுகிறது. – ஏற்காடு வாசகர்

ஒரு படம் எடுத்து, கார்டிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உள்ளே இருக்கும் தகவல் அழிந்துவிடும். எக்ஸிஃப்டூல் (ExifTool) என்ற இலவச மென்பொருளில் திறந்து 'ஷட்டர் கவுண்ட்', அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணைப் பாருங்கள். புதுப் பெட்டியில் சில பத்துகளைத் தாண்டக்கூடாது. ஆயிரக்கணக்கில் இருந்தால் பழையது. இந்த மாடலின் ஷட்டர் 1,00,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. படத்தின் ஃபைல் எண்ணை நம்பாதீர்கள், அதை மெனுவிலேயே மாற்றலாம். அதே மென்பொருளில் தெரியும் சீரியல் நம்பர், கேமராவின் உடலில் இருப்பது, பெட்டி, பில் நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு கண்ணால் பாருங்கள்: ஃபிளாஷ் செருகும் தடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, ஸ்டாண்ட் மாட்டும் துளையில் கீறல் உண்டா. லென்ஸ் துளையைச் சிறிதாக்கி எஃப்/22-ல் வைத்து வெள்ளை வானத்தை எடுங்கள். சென்சார் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். உங்கள் ஊர் மூடுபனி இதற்கு வசதி. ஆனால் அதே ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

தங்கை வளைகாப்பில் எடுத்த படங்களில் பாதி திறக்கவே இல்லை. 128 ஜிபி கார்டு, ரூ.350. – அம்மாப்பேட்டை வாசகி

வருத்தமாக இருக்கிறது. கேமரா மேல் பழி இல்லை, கார்டுதான் போலியாக இருக்க வேண்டும். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து 128 என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். நிறைந்த பிறகு வருவது சேமிப்பே ஆகாது அல்லது பழையதை அழித்துவிடும். முதலில் அந்தக் கார்டில் இனி எதையும் எழுதாமல், திறக்கும் படங்களை நகல் எடுங்கள். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) மென்பொருளால் கார்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். சில மணி நேரம் ஆகலாம். விண்டோஸில் 119 ஜிபி என்று காட்டுவது மட்டும் குறை அல்ல, நல்ல 128-ம் அப்படித்தான் காட்டும்.

ரூ.600-க்கு 'ஒரிஜினல்' எல்பி-இ6 பேட்டரி, 2,600 எம்ஏஎச் கொள்ளளவு என்கிறார்கள். நம்பலாமா? – மேட்டூர் வாசகர்

நம்பாதீர்கள். அதே வகையில் கேனனின் எல்பி-இ6என் பேட்டரியே 1,865 எம்ஏஎச்தான். நான் வாங்கிய இப்படிப்பட்ட ஒன்று உப்பிப்போய் கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து ஜிபே-யில் ரூ.9,000 அனுப்பினேன். பத்து நாளாக பதில் இல்லை. இன்னும் காத்திருக்கலாமா? – அஸ்தம்பட்டி வாசகர்

பத்து நாள் ஏன் காத்திருந்தீர்கள்? முதல் சில மணி நேரத்திலேயே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைத்திருந்தால் பணத்தை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். இப்போதாவது உடனே அழையுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத பக்கத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

பெட்டிக்குள் கேமராவுக்குப் பதில் சோப்புக்கட்டி. பிரிக்கும் வீடியோ இல்லாததால் பணம் தர மறுக்கிறார்கள். – ஓமலூர் வாசகர்

வீடியோ இருந்தால் நல்ல சாட்சி. இல்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. பெட்டி, டேப், கூரியர் லேபிள் எதையும் தூக்கிப்போடாதீர்கள். லேபிளில் எடை இருந்தால் அதையும், கேமராவின் எடையையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். நகரவில்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. கெடு இரண்டு ஆண்டு.