அறிவுரையை எந்தத் தபாலில் சேர்ப்பது?

கே: இருபது வயதில் இருந்த உங்களுக்கு இன்று ஓர் அறிவுரை அனுப்பலாம் என்றால், என்ன எழுதி அனுப்புவீர்கள்?
(வாசகர் ஒருவர், புளியரை)

ப: 'அனுப்பலாம்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர். எதில் அனுப்புவது? தந்தி என்றால் வசதி. வார்த்தைக்குக் காசு என்பதால் அறிவுரை தானாகச் சுருங்கிவிடும். அதைத்தான் 2013 ஜூலையோடு மூடிவிட்டார்களே. வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால் பையனிடம் போன் கிடையாது.

ஆக, அஞ்சல்தான் கதி. சென்னைக்காரர்களுக்கு அஞ்சல் என்றால் போஸ்ட்டுக்குத் தமிழ்ப் பெயர். செங்கோட்டைக்காரனுக்கு அது திருவிதாங்கூர் ராஜாவின் சொந்தத் தபால். தபால்தலையில் சங்குச் சின்னம், விலை சக்கரம் என்ற திருவிதாங்கூர் காசுக் கணக்கில். 1951 வரை தனியாகவே ஓடியது. நிஜமாகவே ஓடியது: அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கம்போடு ஓடுவார், சத்தம் கேட்டால் எல்லோரும் வழிவிட வேண்டும். கல்யாண ஊர்வலமே ஒதுங்கி நின்றதாக என் தாத்தா சொல்வார். (தாத்தா சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளவும்.) 'அஞ்சல்' என்ற சொல்லை முதலில் புழங்கியவர்கள் நாங்கள்தான் என்று இந்தப் பக்கத்தில் எழுதப்போய், ஒரு தமிழாசிரியர் மூன்று இதழ்களுக்கு மறுப்பு எழுதினார். நான்காவதை நான் போடவில்லை. இனியும் போடமாட்டேன்.

சரி, விலாசம்? 1954இல் செங்கோட்டையில் பிறந்தவன் நான். அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்று, திண்ணையை விட்டு இறங்காமலே சென்னை ராஜ்யத்துக்குக் குடிபெயர்ந்தேன். 1969இல் அதே திண்ணை தமிழ்நாடு ஆயிற்று. எல்லைக்கோடு உங்கள் புளியரையையும் தாண்டி மேற்கே போய்விட்டது. ஆனால் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவே இருக்கும் பிரானூர் மட்டும் இன்றுவரை 'பார்டர்'தான். அங்கே கிடைப்பது பார்டர் பரோட்டா. எல்லை இடம் மாறியதைப் பரோட்டாவுக்கு யாரும் சொல்லவில்லை போலும். குற்றால சீசனில் வருகிறவர்கள் "பார்டர் எங்கே சார்?" என்று கேட்பதும், நான் "அதோ, கல்லில் வேகிறது" என்பதும் வருஷா வருஷம் நடக்கிறது. சிரிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இருபது வயதில் நான் கொல்லத்தில், ஓர் அண்டி ஆபீசில் கணக்கெழுதினேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்கு வரப் பதின்மூன்று கண் பாலம் வழியாக மீட்டர் கேஜ் ரயில். 1904இல் வந்த அந்தப் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று 2010இல் மூடி, 2018இல்தான் திறந்தார்கள். அந்த எட்டு வருஷமும் நான் இங்கே புலம்பியதைப் படித்தவர்கள் மன்னிக்கவும். இன்னும் முடியவில்லை, மூன்றே பெட்டி என்றாலும் பழைய நேரத்துக்கு ஒரு வண்டி விடச் சொல்லி அடுத்த இதழில் எழுதுகிறேன்.

எதில் விட்டேன்? விலாசம். கொல்லத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஏற்கெனவே வாராவாரம் அறிவுரை வந்துகொண்டுதான் இருந்தது. அப்பாவின் தபால் கார்டு. 'சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ரயிலில் படிக்கட்டில் உட்காராதே. கடன் வாங்காதே.' ஒரு கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'கடன் வாங்காதே' என்ற வரிக்கு நேர் கீழே, பென்சிலில், என் கையெழுத்தில், நான் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற பட்டியல். அதில் முதல் பெயர் மெஸ் சேட்டன், 16 ரூபாய். அடித்தலே இல்லை. வேலையை விட்டு ராத்திரி வண்டியில் கிளம்பி வந்தவன் எங்கே அடிப்பது?

அதனால் எழுதுவதென்றால் ஒரே வரிதான் எழுதுவேன்: 'சேட்டனுக்குக் கொடுத்துவிட்டு வா.' மீதிக் கார்டைக் காலியாக விட்டுவிடுவேன். பையனுக்குக் கணக்குப் போட இடம் வேண்டுமே.