மெக்சிகோ கடற்கரையில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் பத்திரம் ஏன் வங்கி பெயரில் இருக்கிறது?

கான்கூன், லோஸ் காபோஸ் பக்கம் விடுமுறை வீடு பார்ப்பவர்கள் முதலில் கேட்கும் சொல் ஃபிதேகோமிசோ. வங்கி நடத்தும் ஒரு அறக்கட்டளை ஏற்பாடு அது: பத்திரம் வங்கி பெயரில், வீட்டை அனுபவிக்கும் உரிமை முழுக்க உங்களுக்கு.

ஏன் இந்தச் சுற்றுவழி? 1917 அரசியலமைப்பின் 27வது பிரிவுப்படி கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்க முடியாது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களால் டெக்சாஸ் கைநழுவிப் போனது, 1848க்குள் பாதி நாடே அமெரிக்காவிடம் போனது, அந்தக் காயத்தை மறக்காமல் எழுதிய விதி இது. அப்புறம் சுற்றுலா வளர முதலீடும் தேவைப்பட்டதால் வங்கி வழியாகக் கதவைத் திறந்தார்கள். சான் மிகேல் தெ அய்யெந்தே போன்ற உள்நாட்டு ஊர்களில் இந்தச் சிக்கலே இல்லை.

அப்பா பெயரில் எடுத்த சிம் மாதிரிதான். பேசுவதும் ரீசார்ஜ் செய்வதும் நீங்கள். விற்கலாம், வாடகைக்கு விடலாம், உங்களுக்குப் பின் யாருக்கு என்று அதே ஆவணத்தில் எழுதலாம். வங்கிக்கு வருடாந்திரக் கட்டணம் உண்டு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: எஹிதோ என்னும் சமூக நிலம் தனியார் நிலமாக மாற்றப்படாதவரை அறக்கட்டளைக்குள் வராது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

50 வருடம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் இதைக் குத்தகை என்று நினைக்கிறார்கள்; குத்தகை இல்லை, அது அறக்கட்டளையின் காலம், புதுப்பித்துக்கொள்ளலாம்.